தடை கேட்பதா, வீட்டில் பார்த்துக்கொள்வதா?

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் போன மாதம் ஒரு தீர்மானம் படிக்கப்பட்டது. இரண்டே வரி. பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இன்ஸ்டாகிராம், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருப்பதை அரசு தடை செய்ய வேண்டும். ஊருக்கு இணைய இணைப்புக் கொடுப்பவர்கள் ஆபாசத் தளங்களை மொத்தமாக அடைக்க வேண்டும். படித்து முடித்ததும் பாதிப் பேர் கையெழுத்துப் போட எழுந்துவிட்டார்கள். "அப்படியானால் பெற்றவர்கள் எதற்கு இருக்கிறோம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தந்தை கேட்டார். "விடியும் முன்னே தோப்புக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவள் எதைப் பார்த்துக்கொள்வாள்?" என்று ஒரு தாய் உடனே திருப்பிக் கேட்டார். இரண்டு கேள்வியும் நியாயமானவை. செயற்குழுவில் இருப்பவன் என்ற முறையில், கையெழுத்துக்கு முன் ஒரு மாதம் அவகாசம் கேட்டு வாங்கினேன். அந்த ஒரு மாதத்தில் யோசித்ததையும் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 2004-லிருந்து 2013 வரை அதே இடத்தில் பிரௌசிங் சென்டர் நடத்தினேன். என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். பாலக்காடு மாவட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரத்தில், எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதிப் பக்கமெல்லாம், வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், அலுவலகக் காகிதத்தில் மலையாளம், போனுக்குள் ஆங்கிலம். தடை வேண்டும், வேண்டாம் என்று தொலைக்காட்சியில் வாதம் செய்கிறவர்கள் இப்படி ஓர் ஊரை நினைத்துப் பேசுவதில்லை. அதனால் நம்முடைய வீடுகளை வைத்து நாமே யோசித்தாக வேண்டும்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். எது கெட்டதை அதிகமாகத் தடுக்கும் என்பதுதான் எல்லோரும் கையிலெடுக்கிற அளவுகோல். நான் வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன். கெட்டது ஒன்று நடந்துவிட்ட பிறகு, இந்த ஏற்பாடு பிள்ளையை வாய் திறக்க வைக்குமா, வாயை அடைத்துவிடுமா? இதை எடுத்ததற்குக் காரணம் ஒரு பெண்பிள்ளை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. அவள் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றை மாற்றி எழுதுகிறேன். சீருடையோடு கடைக்கு வந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பால் பாக்கெட் உறையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். அம்மாவின் போன். உறையின் பின்பக்கத்தில் மடித்துச் செருகிய மின்கட்டண ரசீது தெரிந்தது. "எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல ஆக்கிக் கொடுங்கள், அண்ணா" என்றாள். போன் மெதுவாக ஓடினால் பலரும் கேட்பதுதான். "அம்மாவின் படங்கள், வங்கிச் செயலி எல்லாம் போய்விடுமே கண்ணு, அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டேன். பதில் இல்லை. கண்ணாடி மேசையின் மூலையில் உரிந்திருந்த பிளாஸ்டர் ஒட்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள். அப்போது போன் அதிர்ந்தது. சுட்ட பாத்திரத்தைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி அதிர்ந்தது. மறுபடியும்.

விளையாட்டுச் செயலி ஒன்றில் பழக்கமான ஆள். கோயம்புத்தூரில் படிக்கிற பெண் என்று சொல்லிக்கொண்டு பேசியிருக்கிறான். ஒரு படத்தை வாங்கிவிட்டான். இன்னும் அனுப்பு, இல்லையென்றால் இதை உன் வகுப்புக் குழுவில் போடுவேன் என்று மிரட்டல். பதினொரு நாளாக அவள் அதை ஒற்றையாகச் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். அந்த ஆளைவிட அவள் அதிகம் பயந்தது வீட்டுக்கு. "தெரிந்தால் அம்மா போனை உடைத்துவிடுவாள், பள்ளியை விட்டு நிறுத்திவிடுவாள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் எதையும் அழிக்கவில்லை. அழித்திருந்தால் சாட்சி போயிருக்கும். அவளுடைய டீச்சரைக் கூப்பிட்டேன். ஆட்டோ பிடித்து வந்தார். டீச்சர்தான் அம்மாவை வரவழைத்து முதலில் பேசினார், பிறகு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசினார், காவல் நிலையத்துக்கும் கூடப் போனார். வழக்கு நடக்கிறது, அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பதினொரு நாள் என் மனத்தை விட்டுப் போகவில்லை. நம் முன்னால் இருக்கிற ஒவ்வொரு வழியையும் எடுத்து, இது அந்தப் பதினொரு நாளை இரண்டு நாளாகக் குறைத்திருக்குமா, இருபது நாளாக நீட்டியிருக்குமா என்று பார்க்கிறேன்.

தடைச் சட்டம்

தீர்மானத்தை எழுதியவர்கள் மனத்தில் இருப்பது ஆஸ்திரேலியா. அங்கே 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயது ஆகாதவர்கள் கணக்கு வைத்திருக்காமல் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காத நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை கிடையாது. பொறுப்பு முழுவதையும் நிறுவனத்தின் தலையில் வைத்த அந்த ஓர் அம்சத்தை நான் மனதார வரவேற்கிறேன். முதல் ஒரு மாதத்திலேயே சுமார் 47 லட்சம் கணக்குகள் முடக்கப்பட்டதாக அந்நாட்டு அரசு சொன்னது. அதே டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அது போன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது. 2026 ஜனவரியில் ஆந்திர அரசும் ஆராய்வதாக அறிவித்தது. மதுரைக் கிளைக்கு வந்த மனு எதைக் கேட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இணைய நிறுவனங்கள் பெற்றோர் கையில் ஒரு கட்டுப்பாட்டு வசதியைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் 2018-இல் போடப்பட்ட அந்த மனுவின் கோரிக்கை. சட்டம் வரும்வரை விழிப்புணர்வு வேலையை முடுக்கிவிடச் சொன்ன நீதிபதிகள், பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரின் பொறுப்பு கூடுதல் என்றும் சொன்னார்கள். ஆக, ஒரே தீர்ப்பில் இரண்டு வழியும் இருக்கின்றன.

சரி, நாளைக்கே சட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் அது யாரைத் தடுக்கும்? என் கடைக்கு வருகிற பிள்ளைகளில் சொந்தப் போன் வைத்திருப்பவர்கள் குறைவு. வீட்டுக்கு ஒரு போன். அதில் உள்ள கூகுள் கணக்கு அம்மாவுடையது, சிம் அப்பாவின் பெயரில், இன்ஸ்டாகிராம் கணக்கு சித்தப்பா எப்போதோ தொடங்கிக் கொடுத்தது. நிறுவனத்தின் கண்ணுக்கு அந்தப் போனை வைத்திருப்பவர் முப்பத்தெட்டு வயதுப் பெண். இரவு ஒன்பது மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஏழாம் வகுப்புப் பையன் என்று எந்த வயதுச் சோதனைக்கும் தெரியப்போவதில்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கும் இதே சிக்கல்தான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது என்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. சம்மதம் பற்றிய பகுதி பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். விளம்பரம் பற்றிய பகுதி மிக நல்லது, அதற்காக நான் காத்திருக்கிறேன். ஆனால் சம்மதம்? அம்மாவின் போனுக்கு ஓ.டி.பி. வரும். அந்த ஆறு எண்களை அம்மாவுக்குப் படித்துச் சொல்வதே பிள்ளைதான். ரேஷன் கடைச் செய்தி, வங்கிச் செய்தி எல்லாவற்றையும் இன்றைக்கு யார் படித்துச் சொல்கிறார்களோ, அதே பிள்ளை.

தளங்களை அடைப்பது பற்றி நமக்கு அனுபவமே இருக்கிறது. 2015-இல் 857 தளங்களை அடைக்கச் சொன்ன உத்தரவு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் தளர்த்தப்பட்டது. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 827 தளங்கள் அடைக்கப்பட்டன. பெரிய தளம் ஒன்று முகவரியின் வாலை மட்டும் மாற்றிக்கொண்டு உடனே திரும்பி வந்தது. டிக்டாக்கை மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று தடை செய்து, அதே மாதம் 24-ஆம் தேதி தடையை நீக்கியது. பிறகு 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு வேறு காரணத்துக்காக அதை முற்றிலும் நிறுத்தியது. ஒன்பதே நாளில் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. என் கடைக்கு வரும் பையன்கள் ஒரு வாரம்கூட வருத்தப்படவில்லை.

பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்களில் வயதுச் சோதனை கட்டாயமானது. அந்த வாரமே அங்கே அதிகம் இறக்கப்பட்ட செயலிகளின் பட்டியலில் வி.பி.என்.கள், அதாவது இருக்கும் இடத்தை மறைத்துத் தடையைத் தாண்ட உதவும் செயலிகள், மேலே ஏறின. இங்கே எட்டாம் வகுப்புப் பையனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழுதுக்கு வருகிற போன்களில் இலவச வி.பி.என். செயலிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவற்றில் பலவற்றில் ஓடுகிற விளம்பரங்கள், அடைக்கப்பட்ட தளத்துக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. வெளிச்சத்தில் இருந்த பிள்ளையை இருட்டுச் சந்துக்குள் அனுப்பிவிடுகிறோமோ என்ற பயம் எனக்கு உண்டு.

மாநிலம் மாநிலமாகத் தடை போட்டால் எல்லையோரத்தில் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைக் கேரளம் 2021-இல் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 2025-இல் வந்த விதி, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை விலக்கி, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பண விளையாட்டுகளை நிறுத்தச் சொன்னது. கோபாலபுரத்திலோ வேலந்தாவளத்திலோ பஸ்ஸுக்காக நிற்கும்போது போன் சில நிமிடம் கேரளக் கோபுரத்தைப் பிடிக்கும், சில நிமிடம் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும். அந்தப் போனுக்கு எந்தச் சட்டம்? 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து பண விளையாட்டை நாடு முழுவதும் தடை செய்த பிறகுதான் இந்தக் குழப்பம் ஓய்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் தளங்களை அடைப்பதற்கான 2009-ஆம் ஆண்டு விதிகள், அந்த நடவடிக்கையை ரகசியமாக வைத்திருக்கச் சொல்கின்றன. எது அடைக்கப்பட்டது, ஏன் என்று குடிமகனுக்குத் தெரியாது. பிள்ளைகளின் பெயரால் "மொத்தமாக அடையுங்கள்" என்று நாம் எழுதிக் கொடுக்கும் காகிதம், நாளைக்கு வேறு எதை அடைப்பதற்கும் பயன்படலாம். 2012-இல் ஒரு திரைப்படத்தின் திருட்டு நகலைத் தடுக்க வாங்கிய சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, ஒழுங்கான வீடியோத் தளங்கள்கூட முழுதாக அடைக்கப்பட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் அடைத்தால் போதும் என்று நீதிமன்றமே பிறகு விளக்க வேண்டி வந்தது.

இதையே அமெரிக்காவில் முப்பது ஆண்டாகப் பேசுகிறார்கள். இணைய ஆபாசம் சிறார் கண்ணில் படாமல் தடுக்க வந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியமான பகுதியை, பெரியவர்களின் பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1997-இல் தள்ளியது. 2025 ஜூனில் அதே நீதிமன்றம், டெக்சாஸ் மாநிலத்தின் வயதுச் சோதனைச் சட்டம் செல்லும் என்றது. அங்கேயே இன்னும் ஒரு நிலைக்கு வந்தபாடில்லை.

இப்போது என் அளவுகோல். பதினாறு வயதுக்குக் கீழ் கணக்கு வைத்திருப்பதே சட்டப்படி தப்பு என்று ஊரில் பேச்சு இருந்திருந்தால், அந்தப் பிள்ளை என் கடைக்காவது வந்திருப்பாளா? தண்டனை நிறுவனத்துக்குத்தான் என்பது சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் "தப்பு" என்ற சொல் மட்டும்தான் காதில் விழும். 2017-இல், பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட நீலத்திமிங்கில இணைய விளையாட்டுப் பீதி கிளம்பியபோது இதை நேரில் கண்டேன். அதைத் தடை செய்யக் கோரிக் கேரள முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இணைப்புகளை நீக்குமாறு மத்திய அரசு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எந்த மரணத்துக்கும் அந்த விளையாட்டுத்தான் காரணம் என்று நிறுவ முடியவில்லை என்று 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அந்தச் சில மாதங்களில் பிள்ளைகளின் போனைப் பிடுங்கிய பெற்றோர் ஏராளம். உட்கார வைத்து, உனக்கு மனத்தில் என்ன கஷ்டம் என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

தடை முழுவதையும் நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சிறார்களை வதைத்து எடுத்த படங்களுக்கு எந்தச் சலுகையும் கூடாது. அதில் பேச்சுரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு படமும் ஒரு பிள்ளைக்கு நடந்த குற்றம். அதை வேண்டுமென்றே பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும் என்று 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் மாறாகச் சொல்லியிருந்ததையும் ரத்து செய்தது. கேரளக் காவல் துறை 'ஆபரேஷன் பி-ஹன்ட்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் சோதனை நடத்தி ஆட்களைப் பிடிக்கிறது. வீட்டில் உள்ள தாயால் இதைச் செய்ய முடியாது. அரசால்தான் முடியும், அரசு செய்தே ஆக வேண்டும்.

வடிகட்டி

தடைக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்பது வடிகட்டி. தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ்.; வீட்டு இணைய இணைப்பில் அதன் எண்ணை 1.1.1.3 என்று மாற்றிவிட்டால் வைரஸ் தளங்களும் ஆபாசத் தளங்களும் பெரும்பாலும் திறக்காது. காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை. கேட்பவர்களுக்கெல்லாம் செய்து கொடுக்கிறேன். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம் இருக்கட்டும். தெரியாமல் விரல் பட்டு ஏதாவது திறந்துகொள்வதிலிருந்து சின்னப் பிள்ளைகளை இது காப்பாற்றும்.

ஆனால் அது வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி. எந்த வீட்டுக்குள் போகலாம், போகக் கூடாது என்பதுதான் அதற்குத் தெரியும். வீட்டுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் வரும் படத்தையோ விளையாட்டுச் செயலியில் வரும் மிரட்டலையோ அது தொடாது. அந்தப் பிள்ளையின் போனில் இந்த எண் இருந்திருந்தாலும் பதினொரு நாளில் ஒரு நாள்கூடக் குறைந்திருக்காது. பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும், கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்ற செயலிகளோ, அம்மாவுக்கு ஒரு போன், பிள்ளைக்கு ஒரு போன் என்று வைத்துச் செய்யப்பட்டவை. ஒரே போனை நாலு பேர் கைமாற்றிக்கொள்கிற வீட்டுக்கு அது பொருந்துவதில்லை. வசதியுள்ள வீடுகளுக்கு நன்றாகப் பொருந்தும், அவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பிள்ளைக்குத் தெரியாமல் வேவு பார்க்கும் செயலியைப் போட்டுக் கொடுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. அது ஒருநாள் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லாது.

வீடு

பிரௌசிங் சென்டர் வைத்திருந்த காலத்தில் எனக்கொரு விதிப்புத்தகம் இருந்தது. 2011-இல் மத்திய அரசு சைபர் கஃபேகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. தடுப்பு இல்லாத கணினியின் திரை, எல்லோரும் நடமாடுகிற பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பெற்றோரோ பாதுகாவலரோ கூட இல்லாமல் சிறுவர்களைத் தடுப்புக்குள் உட்கார வைக்கக் கூடாது. யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவேட்டை ஓர் ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

அந்த விதி வந்ததும் ஆசாரியைக் கூப்பிட்டு என் தடுப்புகளை அறுத்துச் சின்னதாக்கினேன். மேசைகளைத் திருப்பிப் போட்டேன். அதற்கு முன்பு மூலைக் கணினிக்கு ஒரு கிராக்கி இருந்தது. அது அன்றோடு போய்விட்டது. யாரையும் அதட்டவில்லை, எந்தத் தளத்தையும் அடைக்கவில்லை. திரை பொதுவிடத்தைப் பார்த்தது, நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். சந்தேகம் வந்த பையன் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவும் செய்தான்: "அண்ணா, பரிசு விழுந்திருக்கிறது என்று மெயில் வந்திருக்கிறதே, உண்மையா?"

அந்தத் திரை இப்போது உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிப் போர்வைக்குள் போய்விட்டது. அதைக் கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் வீட்டால் முடிகிற வேலை. என் வீட்டில் இரவு ஒன்பதரை மணிக்கு எல்லாப் போன்களும் சாமி மாடத்துக்குக் கீழே உள்ள பிளக்கில் ஏறிவிடும். என் போனும் அதில் சேரும். மகளுடையதை மட்டும் வாங்கி வைத்தால் அது தண்டனையாகிவிடும்.

பிடுங்கி வைப்பதன் எல்லையைக் கேரள உயர் நீதிமன்றமே தொட்டுக் காட்டியிருக்கிறது. கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை போனை ஒப்படைக்க வேண்டும் என்றிருந்தது. மறுத்த மாணவியை வெளியேற்றினார்கள். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் தீர்ப்புச் சொல்லி, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் நீதிபதி. அவர் பதினெட்டு வயது நிரம்பியவர், நம் பிள்ளைகளுக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் நாலைந்து ஆண்டில் நம் பிள்ளைகளும் அந்த இடத்துக்குப் போகப் போகிறவர்கள். அன்றைக்குத் தன் போனைத் தானே கீழே வைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டின் கையில் முழுப் பொறுப்பையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதையும் நான் ஏற்கவில்லை. தோப்பு வேலைக்குப் போகிற அந்தத் தாய் கேட்டதை மறுபடி நினைத்துப் பாருங்கள். எதை இயக்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த மொழியில் யார் சொன்னார்கள்? பிள்ளைக்கு ஏதாவது ஆனால் "பெற்றவள் பார்த்திருக்க வேண்டும்" என்று அவரைப் பார்த்துக் கைநீட்டுவது அநியாயம். படித்த, வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பெற்றோருக்கு ஏற்ற யோசனையை அவர் தலையில் கட்டக் கூடாது.

பள்ளி

தீர்மானத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத வழி இதுதான், எனக்கு அதிக நம்பிக்கை தருவதும் இதுதான். கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்வியை நடத்தும் கைட் நிறுவனம், 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் குழுக்களைத் தொடங்கியது. 2022-இல் அந்த மாணவர்களைக் கொண்டே தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தது. பொய்ச் செய்தியை இனம் காண்பது 2024-இல் ஐந்தாம், ஏழாம் வகுப்புப் பாடநூலிலேயே வந்துவிட்டது. போனுக்கு அடிமையான பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லக் காவல் துறை 'டி-டாட்' மையங்களை நடத்துகிறது. மற்ற மாநிலத்துக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடுகள் இவை.

குறை எங்கே என்றால், எங்கள் பள்ளிக்கு வந்த சுற்றறிக்கை மலையாளத்தில் வந்தது. பயிற்சித் துண்டறிக்கையும் மலையாளம். டீச்சர் ஒருவர் தானே உட்கார்ந்து தமிழில் எழுதி நகல் எடுத்துக் கொடுத்தார். பத்துப் பேருக்குக் கிடைத்தது. பாடநூல்களைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிடுகிற அரசு இது. தாய்மார்களுக்கான நாலு பக்கத்தைத் தமிழில் அச்சிட முடியாதா? 2025 ஆகஸ்ட் 21 அன்று, முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் மாநிலம் என்று கேரளம் அறிவிக்கப்பட்டது. வீடியோ அழைப்புச் செய்யக் கற்றுக்கொண்ட எங்கள் ஊர்ப் பாட்டிகளைப் பார்த்து எனக்கும் பெருமைதான். அடுத்த படியாக, தெரியாத எண்ணை முடக்குவதும் புகார் செய்வதும் அவர்கள் கைக்கு வர வேண்டும்.

பிள்ளைகளுக்கே அது முழுதாக வரவில்லை. கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றிய 'அசர்' ஆய்வு அறிக்கை 2024-இன்படி, 14 முதல் 16 வயதுக்குள் உள்ளவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரியும். அந்த வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். சமூக ஊடகத்தில் இருப்பவர்களில் ஒரு கணக்கை முடக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம். மீதி 38 பேரில் ஒருத்திதான் அன்றைக்கு என் கடை வாசலில் குடையோடு நின்றாள். 1098 என்ற எண் அவளுக்குத் தெரியாது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் பெரிய தளங்களில் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருப்பதும் தெரியாது. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்தின் அடையாளக் குறி மட்டும்தான் போனை விட்டு வெளியே போகும். இதெல்லாம் யாராவது சொல்லித்தந்திருந்தால் மறுநாளே டீச்சரிடம் போயிருப்பேன் என்று அவளே பிறகு சொன்னாள். பதினொரு நாள் ஒரு நாளாகியிருக்கும்.

ஆகவே அந்த இரண்டு வரித் தீர்மானத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. அதற்குப் பதிலாக இதை முன்வைக்கிறேன். வயதுத் தடை வருவதும் வராததும் டெல்லியில் தீர்மானிக்கப்படட்டும். வந்தால் ஆஸ்திரேலியாவைப் போல நிறுவனத்தின் மேல் மட்டும் விழட்டும் என்று ஒரு வரி. சிறார் வதைப் படங்கள் மீதான நடவடிக்கைக்கு முழு ஆதரவு என்று ஒரு வரி. "மொத்தமாக அடையுங்கள்" என்பதை எடுத்துவிட்டு, வடிகட்டி கேட்கிற வீட்டுக்கு இணைப்புக் கொடுப்பவர் இலவசமாகப் போட்டுத் தரட்டும் என்று ஒரு வரி. கைட் பயிற்சியைத் தமிழில் கொடுங்கள் என்று கல்வித் துறைக்கு ஒரு மனு; இதில் மட்டும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்பேன். குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் அயல்கூட்டங்கள் எப்படியும் கூடுகின்றன. டீச்சர் எழுதிய அந்தத் தமிழ்த் தாளை அங்கே வாசித்துக் காட்ட லிட்டில் கைட்ஸ் பிள்ளைகள் இரண்டு பேரை அனுப்பலாம்.

போனை உடைப்பேன், படிப்பை நிறுத்துவேன் என்று பிள்ளையிடம் சொல்லியிருந்தால், கூட்டத்துக்கு முன்பே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நானும் என் மகளிடம் ஒருமுறை அப்படிச் சொன்னவன்தான். அந்தப் பிள்ளை வந்துபோன இரவு, அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன நடந்தாலும் போனைப் பிடுங்க மாட்டேன், முதலில் என்னிடம் சொல் என்றேன். நம்பாமல் பார்த்தாள். மூன்று வாரம் கழித்து, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வந்த ஒரு செய்தியைக் காட்டி, "அப்பா, இது யாரென்று பாருங்கள்" என்று போனை என் முன்னால் நீட்டினாள்.

கூட்டம் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. போனையும் சார்ஜரையும் கொண்டு வாருங்கள், பிள்ளையையும் கூட்டி வாருங்கள். இரண்டு மணிக்கே வந்து பள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றுவதிலிருந்து தொடங்கலாம்.